லிஃப்டில் சோதிக்காத பச்சை டிக்

என் பெயரும் முகவரியும் மேலே குறித்தபடி. வயது நாற்பத்தொன்று. ஆம்புலன்ஸ் அழைக்கும் கைபேசிச் செயலியை நடத்தும் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக புரோகிராம் எழுதும் வேலை பார்க்கிறேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை. நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

செயலியில் பொத்தானை அமுக்கினால் கோரிக்கை மொபைல் நெட்வொர்க் வழியாக எங்கள் சர்வருக்கு வர வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் ஃபோன் அதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். முன்பெல்லாம் பதில் வரும்வரை திரை சும்மா இருந்ததால், மக்கள் பதறிப்போய் நாலைந்து முறை அமுக்க, ஒரே வீட்டு வாசலில் மூன்று வண்டிகள் போய் நின்றன. அதனால் அமுக்கியவுடனே பச்சை டிக் விழும்படி நான் மாற்றினேன். ஒரு நிமிடத்தில் கோரிக்கை போகாவிட்டால் டிக் மறைந்து தொலைபேசி எண் தெரிய வேண்டும் என்றும் எழுதினேன். அந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும். எந்த மாற்றமானாலும் லிஃப்டுக்குள் ஏறி, கதவை மூடிக்கொண்டு சோதிப்பது எங்கள் அலுவலக வழக்கம். அந்த இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எட்டிப்பார்க்காது. அன்று லிஃப்ட் பழுது. நான் மேசையில் உட்கார்ந்தபடியே வைஃபையில் பார்த்துவிட்டு, பதிவேட்டில் "லிஃப்டில் சோதித்தாயிற்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு பதினோராம் நாள் காலை 10.12க்கு, ஒரு குடியிருப்பின் உள்ளறையில் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, மனைவி பொத்தானை அமுக்கினார். டிக் விழுந்தது, மறையவே இல்லை. வண்டியைக் காணாமல் 10.53க்கு அவர் ஃபோனோடு வாசலுக்கு ஓடியபோதுதான் சிக்னல் கிடைத்து, கோரிக்கை எங்களுக்கு வந்தது. ஓட்டுநர் 10.54க்குக் கிளம்பிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது உயிர் போயிருந்தது. அந்த அம்மாவின் ஃபோனில் 10.12 என்று இருப்பதை வைத்து, வேண்டுமென்றே தாமதித்ததாக ஓட்டுநரை அடைத்து வைத்திருக்கிறீர்கள். கோரிக்கை 10.53க்குத்தான் வந்தது என்று காட்டும் சர்வர் பதிவை எங்கள் நிறுவனம் உங்களுக்குத் தரவில்லை.

அந்தப் பதிவைப் பார்த்ததும் என் தவறு புரிந்து மேலாளரிடம் சொன்னேன். "யாராவது கேட்டா பழிய டவர் மேல போடு. டவரு கோர்ட்டுல வந்து பேசவா போகுது?" என்றார். டவர் பேசாது, நான் பேசுவேன். சர்வர் பதிவின் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன். வேலை போகும். போகட்டும்.

நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் என் ஃபோனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி போடாம அமுக்கினேம்மா. தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டார். இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க. தப்புப் பண்ணது நான்" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப அந்த டிரைவர் தம்பி என்ன பாவம் பண்ணுச்சு? அதப் போய்ச் சொல்லு முதல்ல" என்றார். புகார் கொடுத்தவரே அவர்தான்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "சிக்னல் கோளாறால்" என்றிருந்ததை அடிக்கச் சொல்லி, "என்னால்" என்று எழுதவைத்துச் சுருக்கொப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. இந்த முறை சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)