காலிக் கட்டிலும் காலிக் கல்லறையும்

தலைமை தாங்கி, 'தாராளமாகப் பேசு, மணி அடிக்க மாட்டேன்' என்று வாக்களித்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாளில் இதே செய்தியை எத்தனை ஆண்டு கேட்டாலும் அலுக்காமல் வந்து அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! விடியுமுன் விழித்து, வீட்டை ஒழுங்குசெய்து, ஈரத் தலையோடு ஓடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! இன்னும் அரைத் தூக்கத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே! அச்சகத்தில் என்னோடு அல்லும் பகலும் அல்லாடும் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

'காலியான கல்லறை தரும் களிப்பு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நான் புத்தகம் கட்டுகிறவன், புத்தகம் கற்றவன் அல்லன். பத்து நாள் படித்தேன். களிப்பைத் தேடினேன், கலக்கம்தான் கிடைத்தது! சிலுவையில் இறந்த ஆண்டவரின் உடலுக்குப் பூச, மூன்று பெண்கள் நறுமணத் தைலத்தோடு கல்லறைக்குப் போகிறார்கள். வாசலை அடைத்த கல்லை யார் புரட்டித் தருவார் என்பதுதான் அவர்களுடைய கவலை. போனால் கல் புரண்டு கிடக்கிறது. உள்ளே உடல் இல்லை. வெள்ளுடை உடுத்திய ஒருவர், 'அவர் உயிரோடு எழுந்துவிட்டார்' என்கிறார். இதைவிட இனிய செய்தி உண்டா? இதைவிட உயர்ந்த செய்தி உண்டா? பின் ஏன் ஓடினார்கள்? ஏன் நடுங்கினார்கள்? ஏன் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வாயடைத்துப் போனார்கள்?

கூட்டத்தில் யாரோ 'பயம்' என்கிறார். பயம்தான் ஐயா, அப்படித்தான் எழுதியும் இருக்கிறது. எதற்குப் பயம்? அழ வந்தவர்களுக்கு அழ வேண்டாம் என்றால் ஆனந்தம்தானே வர வேண்டும்? எனக்குப் புரியவே இல்லை. ஆனால் அப்படி ஓடியவன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் அண்ணனும் நானும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். வேகம் வேண்டுமென்று காகிதம் வெட்டும் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒரு தோழனுக்கு இரண்டு விரல் போயிற்று. அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். "தடுப்பை மாட்டுற வரைக்கும் ஒருத்தனும் இதைத் தொடக்கூடாது" என்றார். அன்றைக்கே அவர் வேலை போயிற்று. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஆம், இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, அவரேதான். வணக்கம் ஐயா, எழுந்திருக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன்.

"நீயும் உங்க அண்ணன் கட்சியா?" என்று கேட்டார்.

"அந்த ஆளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல சார்!" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் அண்ணன்! மாட்டியிருந்த சட்டையை எடுக்க வந்தவர் நின்று கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்தார், போய்விட்டார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

அதன்பிறகு நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. நாலாம் மாதம் அவர் மூளையில் இரத்தம் உறைந்து மருத்துவமனையில் கிடந்தார். 'விடியறவரைக்கும் தாங்கறது கஷ்டம்' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணி, கடைசியாகப் போட்டு அனுப்புவதற்கு நல்ல சட்டை எடுத்துவர வீட்டுக்குப் போனார். நான் மருத்துவமனை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

காலையில் வந்து உள்ளே போன அண்ணி அலறிக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி, ஆளைக் காணோம்! எங்க கொண்டுபோய் வச்சாங்கன்னே தெரியலயே!"

"பதறாதீங்க அண்ணி, கட்டில் மாறிப் பாத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கட்டில் காலி. விரிப்பு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கேட்கலாமென்றால் ஆள் இல்லை. ஐயோ, முடிந்தது கதை என்று பிணவறைக்கு ஓடினோம். அங்கிருந்த ஊழியர் பேரேட்டை இரண்டு முறை புரட்டினார்.

"அப்படி யாரும் வரலியே. இங்க வரலன்னா உசுரோட இருக்காருன்னு அர்த்தம். உசுரோட இருக்கறவரை இங்க வந்து ஏன்யா தேடுறீங்க?"

சிரியுங்கள், சிரியுங்கள். கல்லறையிலும் அந்தப் பெண்களிடம் இதே கேள்வியைத்தானே கேட்டார்கள்! எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும் வழியில், மாடிப்படியில் ஒரு செவிலியர் எங்களை மறித்தார்.

"நீங்க அந்தப் பதினோராம் கட்டில்காரரோட தம்பியா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். "ஆமாம்மா" என்று அண்ணிதான் சொன்னார்.

"விடிகாலையில கண்ணு முழிச்சுட்டாரு. மூணாவது மாடிக்கு மாத்திட்டோம். வீட்டம்மாவை வரச் சொன்னாரு. தம்பியையும் வரச் சொன்னாரு."

"தம்பியையுமா?"

"ஆமா. நாக்கு இன்னும் சரியாப் புரளல. ஆனா அதை மட்டும் ரெண்டு தடவை சொன்னாரு."

அண்ணி மேலே ஓடினார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பெரியோர்களே? கீழே ஓடினேன்! தெருவுக்கு ஓடினேன்! வீட்டுக்காரி, "மூத்தவருக்கு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டும் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தேன். இறந்த அண்ணன் என்றால் மாலையைப் போட்டு, மனம்விட்டு அழுது, மண்ணைத் தள்ளிவிட்டு வந்திருப்பேன். உயிரோடு இருக்கும் அண்ணனின் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த நாளை நினைத்தால்தான் அந்தப் பெண்களின் ஓட்டம் எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறது. 'போய்ச் சீடர்களிடம் சொல்லுங்கள்' என்றதோடு அந்த வெள்ளுடைக்காரர் விடவில்லை. ஆண்டவர் பிடிபட்ட இரவில், குளிர்காய்ந்த நெருப்பருகே 'அவரை எனக்குத் தெரியவே தெரியாது' என்று மறுத்தாரே ஒரு மீனவச் சீடர், அவர் பெயரைத் தனியாகச் சொல்லி, அவரிடமும் சொல்லச் சொல்கிறார்! ஏன் அவருக்குத் தனியாக? தண்டிக்கவா? தழுவவா? கல்லறை காலியானதைக்கூட நம்பிவிடலாம். அந்த ஒரு பெயரைச் சேர்த்துச் சொன்னார்களே, அதை நம்புவதற்குத்தான் எனக்கு நெஞ்சு போதவில்லை!

நான்காம் நாள் போனேன். அண்ணன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். ஆண்டு இரண்டாகிறது. ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தெரியவில்லை. அவர் ஏன் கூப்பிட்டார்? அதுவும் தெரியவில்லை. அந்த இயந்திரத்துக்கு இன்றுவரை தடுப்பு மாட்டவில்லை, அது மட்டும் தெரியும்.

மேலாளர் ஐயா, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிவிட்டேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ, இருக்காதோ, இந்த ஒலிபெருக்கியில் ஊரறியச் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் அண்ணன். நான் அவர் கட்சி.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அண்ணா, உங்களுக்கு என் வணக்கம்.