தரைப்பாலத்தில் தண்ணீர் இல்லை

கன்னையாவின் அறைக்குள் காப்பி கொண்டுபோகக் கூடாது. எனக்கும் அதே சட்டம்தான், சார். மாடிப்படியிலேயே நின்று குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். "வீட்டு மருமகன்கூட இவ்ளோ பயந்துக்கினு வரமாட்டாரு" என்று அவன் மனைவி பிரேமலதா கேலி செய்வாள். பயம் இல்லை. அந்த அறைமேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

சீல் வைக்கப் போனபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். கன்னையா நகரியில் வரிக்கணக்கு பார்த்துக் கொடுப்பவன். மேசையின் ஒரு மூலையில்தான் அந்தத் தொழில். மீதியெல்லாம் ஹாம் ரேடியோ. அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்தபடியே தூரத்து மனிதர்களோடு ரேடியோவில் பேசுகிற பொழுதுபோக்கு. சுவரில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று நம் நேரம், மற்றது லண்டன் நேரம். ரம்பப் பிளேடை வளைத்துச் செய்த தந்தி அடிக்கும் கட்டை. மைக்குக்கு மூடியாக ஒரு டீ வடிகட்டி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் மட்டும் விளக்கு எரியும் தகர ராக்கெட். மறுமுனையில் பேசுகிறவரின் குரல் வந்தால் தலையாட்டும் பொம்மைப் போலீஸ்காரர். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்கு மோட்டார் வைத்தது நான்தான். எனக்கு எலக்ட்ரிகல் கடை. மொட்டைமாடியில் ஏரியல் கம்பத்தை நிறுத்தியதும், அவன் காரில் ரேடியோ பொருத்தியதும் நானே.

லைசென்ஸ் மட்டும் அவன் பெயரில். பரீட்சைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் படித்தோம். நான் தேறவில்லை. மறுபடி எழுதப்போகிறேன் என்றபோது, "உனக்கு எதுக்குப்பா அது, நான் இருக்கேன் இல்ல" என்றான். நம்பினேன். அன்றிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, லைசென்சோடு அவனுக்குக் கொடுத்த அழைப்புப் பெயரைச் சொல்லித்தான் நானும் பேசிவந்தேன். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேருக்கு அலைகிறவன் நான் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

போன ஆடி மாதம் திருப்பதியிலிருந்து ஒரு யூடியூப் சேனல்காரர்கள் அந்த அறையைப் படம்பிடிக்க வந்தார்கள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கன்னையா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். இது நானே பண்ணியது, இதுவும் நானே பண்ணியது. போலீஸ்காரரைத் தலையாட்டவைத்து, இதுவும் நானே என்றான். கேமரா பிடித்த பையன் என்னைக் காட்டி, "ஈயன எவரு சார்?" என்று தெலுங்கில் நான் யாரெனக் கேட்டான். தெரிந்தவர், சாயங்காலத்தில் ஒத்தாசைக்கு வருவார் என்று அவனும் தெலுங்கிலேயே சொன்னான். உடனே அந்தப் பையன் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். கன்னையா அடுத்த சாமானைக் கையில் எடுத்தான். நான் தள்ளி நின்றேன்.

வீட்டில் எல்லோரும் அந்த வீடியோவை டிவியில் போட்டுப் பார்த்தோம். கடைசிவரை பார்த்துவிட்டு என் மகள் கலைவாணி, "நைனா, உன் முழங்கை மட்டும் தெரியுது" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எதிரி செய்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இவன் என் கூடவே உட்கார்ந்து என் கழுத்தை அறுத்தவன். ஆனாலும் அடுத்த நாளும் போனேன், படியில் நின்று காப்பி குடித்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெருந்தன்மைக்காரன், சார்.

புயல் வந்தது ஐப்பசியில். செல்போன் டவர் எல்லாம் செத்துப்போனது. அவன் மகள் ஹரிதாவைக் கட்டிக்கொடுத்தது பிச்சாட்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில். மருமகன் வெளியூரில், இவள் தனியாக இருந்தாள், வீட்டுச்சுவர் ஊறி விரிசல் விட்டிருந்தது. அவளை அழைத்துவரக் கன்னையா காரில் கிளம்பினான். "நீ ரேடியோ கிட்ட இரு, உன்ன நம்பித்தான் போறேன்" என்று அறைச் சாவியைக் கையில் கொடுத்தான்.

மதியத்துக்குமேல் கீழ்வீட்டு லேண்ட்லைன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மண்டல் ரெவின்யூ ஆபீஸ்காரர். "டேம் கேட்டு தொறந்துட்டாங்க. தண்ணி வந்துக்கினே கீது. தரைப்பாலம் பக்கம் யாரையும் விடாதீங்க, ரேடியோவுல சொல்லிடுங்க" என்றார். சரி என்று வைத்தேன். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

மேலே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பொம்மைப் போலீஸ்காரர் தலையாட்டினார். கன்னையா. ஹரிதாவை ஏற்றிக்கொண்டு கூட்டுரோட்டுக்கு வந்துவிட்டான். தரைப்பாலம் வழியாக வந்தால் குறுக்கு, மெயின்ரோட்டில் வந்தால் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. "பாலத்து மேல தண்ணி போவுதா, எதனா தெரியுமா?" என்று கேட்டான்.

நான் பொய் சொல்லவில்லை. "காலையில ஒரு பால் வண்டிக்காரன் அந்த வழியாத்தான் வந்தான். தண்ணி இல்லன்னான்" என்றேன். அது நடந்த விஷயம். பால் வண்டிக்காரனை வேண்டுமானால் விசாரியுங்கள்.

எங்கள் ரேடியோவில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான சேதியைக் கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவன் சரி என்றால்தான் சேதி முடிந்தது. கன்னையா திருப்பிச் சொன்னான்: "தரைப்பாலத்துல தண்ணி இல்ல. சரியா?"

காலையில் என்ற வார்த்தையை விட்டது அவன், சார். நான் இல்லை.

"சரி" என்றேன். முறைப்படி கடைசியில் அவனுடைய அழைப்புப் பெயரையும் சொன்னேன். என் பெயரைச் சொல்ல எனக்குத்தான் உரிமை இல்லையே.

கார் வெள்ளத்தில் போனபோது புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்த ஹரிதா உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம். லேண்ட்லைன் விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது, அதை நான் சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது. கூட்டுரோட்டிலிருந்து பாலத்துக்கு நல்ல தூரம். அந்த மழையில் அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான். நடுவில் போலீஸ்காரர் மறுபடி தலையாட்டினார். கன்னையா என்னைக் கூப்பிடவில்லை. மைக்கைக் கையிலேயே வைத்திருந்தான்போல, பேசும் பொத்தானில் விரல் பட்டிருக்கிறது. மகளோடு அவன் பேசுவது எனக்குக் கேட்டது.

"பாத்தியாம்மா, போனெல்லாம் செத்துக்கெடக்குது, இது பேசுது. எல்லாம் மோகன்ராஜ் மாமா கட்டுனது. எனக்கு ஒரு வயரு ஒட்டத் தெரியாது. அன்னைக்கு அந்தப் பசங்ககிட்ட அவன் பேர சொல்லாம விட்டுட்டேன். மனசு உறுத்திக்கினே கீது. வீட்டுக்குப் போனதும் அவன்கிட்ட பேசணும்."

பிறகு விரலை எடுத்துவிட்டான். ரேடியோ லைன் காலியாக இருந்தது, நான் பேசலாம். டேம் திறந்தாச்சு, திரும்பு என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். பொத்தான் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனையோ வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. ஆனால் காருக்குள் மகளிடம் சொல்லி என்ன பிரயோஜனம், சார்? கேமரா வந்த அன்றைக்குச் சொல்லியிருந்தால், கன்னையா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.