எள்ளளவு பூட்டு

“ஏட்டி ஜெஸ்லின், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்று அக்கா விஜிதா ஒருநாள் கேட்டாள். நான் சிரித்துவைத்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கக் கூச்சப்பட்டே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ உரிமம் அவளிடம் உண்டு. அவளுடைய கையடக்க வயர்லெஸ் செட்டில் வெளியார் பேச்சையும் கேட்கலாம். ஆனால் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் மட்டுமே பேச முடியும். வேறு அலைவரிசை எண்ணில் பொத்தானை அழுத்தினால் குரல் வெளியே போகாது. உள்ளே அப்படி ஒரு பூட்டு. அதை நம்பித்தான் அக்கா ஒத்திகை பார்ப்பாள். ஏதோ ஓர் எண்ணுக்குத் திருப்பி, சத்தத்தைக் குறைத்து, கண்ணை மூடி, சங்கரன்கோவில் வெயிலைப் பற்றி ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசுவாள். கேட்க ஆளில்லாத இடத்தில் அவள் ஆங்கிலம் நன்றாகவே இருக்கும்.

“என்னட்டி சிரிக்கே? நாளைக்கு கப்பல்காரன்ட்ட பேசணும்லா.”

தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி, உரிமம் இருப்பதைப் பார்த்து, ரேடியோ அறை வேலைக்கு அவளை எடுத்திருந்தது. அவள் போய்விட்டால் என்னிடம் பேச யார் இருக்கிறார்கள்? அனுமதியில்லாத எண்ணில் அவள் குரல் கேட்டால் உரிமம் போகும். உரிமம் போனால் அவள் போகமாட்டாள்.

வீடியோ பார்த்துச் செட்டைத் திறந்தேன். பூட்டு என்பது எள்ளைவிடச் சிறிய பாகம். நகவெட்டியால் எடுத்தேன். எள்ளை எடுத்ததற்காக யாரையும் தண்டிப்பதில்லை.

ஆளில்லாத எண்ணில் பேசினால் புகார் வராது. அதனால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ்காரர்கள் பேசும் எண்ணை வைத்து, செட்டை அக்காவிடம் நீட்டினேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை.

அன்று பனவடலிசத்திரம் பக்கம் டிராக்டர் கவிழ்ந்து, தங்கப்பழம் என்பவர் அடியில் கிடந்தார். அந்தக் கரிசல்காட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. ஆம்புலன்ஸ் டிரைவர் தன் செட்டில்தான் வழி கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில், இங்கே நல்ல வெயில், அங்கே எப்படி என்பது.

அக்கா மூச்சு வாங்கப் பொத்தானை விட்டபோது அவர் குரல் மெல்லக் கேட்டது. “அண்ணாச்சி, எந்தப் பாதைன்னு சொல்லுங்க. ஆளு கெடக்காரு.” அக்கா காதில் விழவில்லை. பேசாதவர்களுக்குக் காது கூர்மை.

“நல்லா பேசுதேக்கா, நிறுத்தாத,” என்றேன்.

நிறுத்தவில்லை. வண்டி போய்ச் சேர்ந்தபோது அவசரம் தீர்ந்திருந்தது.

டிராக்டரைக் கவிழ்த்தது நானில்லை. பொத்தானை அழுத்தியதும் நானில்லை. குரலைத் தேடி அதிகாரிகள் வந்தார்கள். “பூட்டுன செட்டு சார், பேச்சு வெளிய போவாது,” என்று அக்கா அழுதாள். உரிமம் போயிற்று. வேலையும் போயிற்று. வழக்கு நடக்கிறது.

அவள் தன்னையே குற்றவாளியாக நினைத்துச் சாப்பிடாமல் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு இரக்கம் அதிகம். நேற்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

“இனி நீ எங்கயும் போக வேண்டாம்லாக்கா. நாம பேசிக்கிட்டே இருக்கலாம்.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டும் ஒரு பேச்சுத்தானே. அக்கா துணிகளைப் பையில் அடைத்தாள். செருப்பை மாட்டினாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.