ஐஸில் வைத்த ஆணி

செங்கல்பட்டில் கிளம்பிய ரயில் சிக்னலில் நின்று வெகுநேரமாயிற்று. எனக்கு எதிரே சதுரங்கப்பட்டினத்து மீன் வியாபாரி பாய், ஐஸ் ஒழுகும் கூடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் விமானப் பட்டறை ஃபிட்டர்.

"நாங்க ஆணியையே ஐஸ்லதான் வெச்சிக்கினு இருப்போம், பாய்."

"ஆணி இன்னாத்துக்குக் கெடுது?"

"பிளேன் தகடுங்கள சேத்து அடிக்கிற ரிவெட்டு ஆணி, அலுமினியத்துல செம்பு கலந்தது. காய்ச்சி தண்ணில முக்குனா மெத்துனு இருக்கும். வெளிய வெச்சா, உள்ள கரைஞ்ச செம்பு பிரிஞ்சி, கண்ணுக்குத் தெரியாம பொடிப்பொடியா ஒண்ணு சேந்துக்கும். ஆணி கெட்டியாப்பூடும். அடிச்சா விரிசல் வுடும்."

"அப்ப தூக்கிப் போட்டுடுவீங்களா?"

"இல்ல பாய். மறுபடி காய்ச்சி முக்குனா செம்பு கரைஞ்சிடும். புதுசாட்டம் ஆயிடும்."

பாய் கூடையைத் திறந்து வஞ்சிரத்தை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழிந்தே இருந்தது.

"இதுக்கு அந்தக் கொடுப்பின இல்லியே."