சீமாட்டி கேட்ட வசனம்

— இந்த மனிசியோ, கௌரி? மூக்கைப் பார். சும்மா வீடு குடுக்கிற முகமோ இது?

— மெல்லக் கதையுங்கோ அண்ணை. லேடி அகஸ்டா. இருநூறு வருசத்துக்கு மேலை இந்தச் சுவரிலைதான் படமாய்த் தொங்கிறா.

— காசு எங்காலை வந்தது?

— ஜமேக்காவிலை புருசன்ரை கரும்புத் தோட்டம். அடிமையளை வைச்சு உழைச்சது.

— நல்ல புண்ணியவதி.

— ஓம். அடிமைத்தனம் பாவமெண்டு தேத்தண்ணிக்குச் சீனி போடுறதை நிப்பாட்டினவவாம். தோட்டத்தை நிப்பாட்டேல்லை.

— அவவின்ரை தயவிலையோ நீ இருக்கோணும்? குரோய்டனிலை நாலறை வீட்டுக்காரன் யோகலிங்கத்தின்ரை தங்கச்சி?

— வெள்ளிக்கிழமை நான் வாடகை அறையை விடோணும். உங்கடை நாலறையிலை ஒண்டைத் தாங்கோ எண்டு தைப்பொங்கலுக்கே கேட்டன். பெயின்ட் அடிக்கிறம் எண்டியள். இப்ப ஆடி. அரண்மனைக்கோ அடிக்கிறியள்?

— நல்ல பெயின்ட், காய நாளெடுக்கும்.

— சரி, இஞ்சை எப்பிடி நடக்குதெண்டு கேளுங்கோ. புருசன் செத்தாப்பிறகு அகஸ்டாவைத் தமையன் வீட்டிலை சேர்க்கேல்லை. ஆனால் ஊரெல்லாம், தங்கச்சிக்கு என்ரை கதவு எப்பவும் திறந்திருக்கு எண்டு சொல்லித் திரிஞ்சவர். புருசன்ரை சொத்துக்கு வழக்குப் போட்டு வெண்டு தோட்டம் கைக்கு வந்தவுடனை, போக்கிடமில்லாத பொம்பிளையளுக்கெண்டு இந்த விடுதியைக் கட்டி, உயிலிலை ஒண்டு எழுதினா. இஞ்சை வாற பொம்பிளைக்குத் தமையன் இருந்தால், அவர் இந்தப் படத்துக்கு முன்னாலை நிண்டு, என்ரை வீட்டிலை இவளுக்கு இடமில்லை எண்டு தன்ரை வாயாலை சொல்லோணும். சொன்னால்தான் அறைத் திறப்பு கைக்கு வரும்.

— செத்தும் பழி வாங்கிறா. நான் சொல்லமாட்டன். சனம் அறிஞ்சால்?

— எந்தச் சனம்? நீங்கள், நான், அவ.

— விடுதி வோர்டனும் தமிழ்ப் பிள்ளையாம்.

— பவளக்கொடி, மலேசியாக்காரி. உங்கடை ஊர்ச்சங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதமாட்டா.

— என்ரை தங்கச்சி எங்களோடை ராணி மாதிரி இருப்பாள். அதுதான் என்ரை பதில்.

— அப்ப அதையே சொல்லுங்கோ. திறப்பு வேறை ஆருக்கும் போகும். வெள்ளிக்கிழமை ராணி சூட்கேசோடை குரோய்டன் ட்ராமாலை இறங்குவா.

— வாங்க கௌரிக்கா. இவங்கதான் அண்ணனா? சார், ஒரே கேள்விதான் லா. நான் வச்சது இல்ல, அவங்க வச்சது. உங்க வீட்டுல தங்கச்சிக்கு எடம் இருக்கா?

— படத்தைப் பாத்துச் சொல்லோணும், அண்ணை.

— வீடே இல்லைப் பிள்ளை. மகன்ரை பேருக்கு எழுதினன், போன வருசமே வித்துப்போட்டான். நான் டூட்டிங்கிலை ஒரு கடைக்கு மேலை படுக்கிறன்.