நிலாவின் குரலுக்கு ஒரு கார்டு

நெருங்கி உட்காருங்கள். இது ராத்திரியில் நடந்தது இல்லை... உச்சி வெயில், மணி பன்னிரண்டு. ஓமலூரிலிருந்து மேச்சேரி போகும் சாலையில் பிரிகிற மண்தடம். ஒரு வண்டி இல்லை, ஒரு காக்கை இல்லை. அதில் தனியாக மொபெட்டில் போய்க்கொண்டிருந்தார் மதியழகன். நம் தெருச் சந்திரசேகரின் பெரியப்பா.

அவர் தேடிப் போனது ஒரு நெட்வொர்க் கார்டு.

வீட்டில் இருபத்தைந்து வருடத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்த காலத்தில் கணக்குப் பார்க்க வாங்கியது. மைக் வைத்து, மகள் நிலாவைப் பாட வைத்து, ஒரு நாள் அதில் பதிந்தார். அடுத்த மாதமே ஆறு வயது நிலா தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். கிணற்றைத் தூர்த்து மேலே சிமெண்ட் போட்டாயிற்று. குரல் மட்டும் மெஷினுக்குள் இருந்தது.

இப்போது மனைவி சாரதாமணி இடுப்பு விழுந்து படுக்கையில். பிள்ளையின் குரலை ஒரே ஒரு தடவை கேட்கணும் என்றாள். மெஷின் ஓடியது, சத்தம்தான் வரவில்லை. ஃபிளாப்பி போடும் டிரைவும் கெட்டுப்போயிருந்தது. கேபிள் போட்டு லேப்டாப்புக்கு அனுப்பலாம் என்றால் நெட்வொர்க் கார்டு வேண்டும். இன்றைய கார்டு எதுவும் அந்த நீளமான பழைய ஸ்லாட்டில் உட்காராது. சேலத்துக் கடைகளில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பழைய இரும்புக்கடைச் சின்னான்தான் வழி சொன்னான்... அந்த மண்தடத்தில் மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று, சாமான் எல்லாம் அப்படியே கிடக்கிறது என்று.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே பாசி வாடை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. மேசைக்குப் பின்னால் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இவர் வாய் திறக்கும் முன்பே, திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். கையில் கார்டு. ஜில்லென்று இருந்தது.

"இத மாட்டுனா இங்கிருந்து மட்டும் போகாதுங்க," என்றான். "அங்கிருந்தும் வரும்."

கேபிள் என்றால் இரண்டு பக்கமும்தானே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலமே மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பச்சை விளக்கு மினுக்... மினுக்... பாட்டு லேப்டாப்புக்கு வந்துவிட்டது. கட்டிலோரம் வைத்துப் போட்டார். நிலா பாடினாள். சாரதாமணி அழுதாள், சிரித்தாள், இன்னொரு தடவை என்றாள்.

இரண்டாம் தடவை பாட்டு முடிந்தும் அது நிற்கவில்லை. ளொடக்... தண்ணீரில் சிறு கல் விழும் சத்தம். பிறகு பெரிதாக ஒன்று... தொப்.

"அம்மோவ்..."

ஆழத்திலிருந்து, சுவரில் மோதி மோதி ஏறி வருகிற குரல். மதியழகன் லேப்டாப் பக்கம் குனிந்தார். பாட்டைப் பதிந்தபோது பிள்ளை அவர் மடியில் அல்லவா உட்கார்ந்திருந்தாள்...

"அம்மோவ்... அம்மோவ்..."

அடுத்துக் கேட்டது சாரதாமணியின் குரல். இளம் வயதுக் குரல். பின்னால் டிவி ஓடுகிறது.

"இரு சாமி. நாடகம் முடியட்டும், வாரேன்."

ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றுதான் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தாள். கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்திருந்தாள். மதியழகன் அவளையே பார்த்தார்.

"உனக்குக் கேட்டுச்சா, சாரதா?"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நிறுத்துங்க," என்றாள்.

அவர் நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, அறைக் கதவை வெளியே தாழ் போட்டுக்கொண்டு வாசலில் போய்ப் படுத்தார். உள்ளே பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தாய் கதறிக்கொண்டே இருந்தாள். நடுச்சாமத்துக்கு மேல் இரண்டு சத்தமும் ஒன்றாக நின்றன... தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவரும் தூங்கிப்போனார்.

விடிந்து திறந்தபோது சாரதாமணி கட்டிலில்தான் கிடந்தாள். உடம்பு விறைத்துவிட்டது.

குளிப்பாட்ட வந்த பெண்கள் அவளுடைய மூடிய கைகளைப் பிரித்தார்கள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் வழன்றிருந்தது, கனமாக எதையோ கயிறு போட்டு இழுத்தது போல. விரலிடுக்கில் தேங்காய் நார்.

நார் ஈரமாக இருந்தது.