திரையின் அடியில் இருந்த வரி

ஈரக் கையால் தொட்டால் மவுஸ் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால்தான் ஐயா, "யாரும் தொடாதீங்க" என்று எழுதி ஒட்டினேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவனும் செய்வதுதான்.

நான் திண்டிவனத்துக்காரன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துப் பழகியவன். எதை எங்கே வைத்தால் கண் அங்கே போகும் என்பது எனக்கு அத்துப்படி. மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் மீனவர்களுக்குத் தகவல் மையம் திறந்தபோது என்னை வேலைக்கு வைத்தார்கள். கடல் நிலவரம் வந்ததும் தமிழில் அடித்துத் திரையில் வைப்பேன். அவர்கள் உள்ளே வருவதில்லை. தோளில் வலையோடு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணுக்குத் தெரிவதுதான் அவர்களுக்குச் செய்தி. கீழே இழுத்தால் இன்னும் வரும் என்பது, தொட்டே பார்க்காதவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒருமுறை புயல்காற்று எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில், சிவப்பில், உச்சியில் வைத்தேன். யாரும் கடலுக்குப் போகவில்லை. கடலோ குளம் மாதிரி கிடந்தது. மறுநாள் படகுக்காரன் சுகுமார் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"இன்னா ராம்கி, உன் பொட்டிக்கு ஜுரமா? செவப்பா கக்கிக்கினு கெடந்துச்சு?"

குப்பமே சிரித்தது. நானும் கூடச் சிரித்துவைத்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த எச்சரிக்கையிலும் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கவில்லை. மேலே மீன் விலை, கண் சிகிச்சை முகாம், டீசல் மானியம், எல்லாம் நல்ல இடைவெளி விட்டு. எச்சரிக்கை அவற்றுக்கும் கீழே, திரைக்கு வெளியே. சுகுமார் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்திப் பார்த்தான்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?"

"எல்லாம் போட்டிருக்குது, பாத்துக்கோ," என்றேன்.

அதில் பொய் இல்லை. கொஞ்சம் பயந்து திரும்பட்டும், இனியாவது முழுசாகப் படிக்கப் பழகட்டும் என்றுதான் நினைத்தேன். போன படகுகளில் அவனுடையது மட்டும் கரை சேரவில்லை.

அவன் நெற்றியின் எண்ணெய்த் தடம் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

போன வாரம் அவன் மனைவி அருணா உள்ளேயே வந்துவிட்டாள்.

"அன்னிக்குப் போட்டத காட்டுங்கண்ணே."

காட்டினேன். திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"காத்து பத்தி எங்க இருக்குது?"

"கீழ இழுத்தா வரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையை மவுஸை நோக்கி நீட்டினாள்.

"ஈரக் கைம்மா," என்றேன். "தொடாதீங்க."